மருத்துவ ஆய்வாளரின் வெளியீடும் மேற்கோள் தாக்கமும்

ஒரு மருத்துவ ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவற்றைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்பவற்றை எண்களாகக் கணக்கிடும் முறை ஆய்வு வெளியீட்டு அளவீடு எனப்படும். கட்டுரை எண்ணிக்கை அவரது உழைப்பின் அளவைக் காட்டுகிறது. ஆய்வாளர்கள் சைட்டேஷன் என்று சொல்லும் மேற்கோள் எண்ணிக்கை, அந்த உழைப்புக்குச் சக ஆய்வாளர்களிடம் கிடைத்த கவனத்தைக் காட்டுகிறது. பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி, கல்லூரிகளின் தரவரிசை ஆகிய அனைத்திலும் இன்று இந்த எண்களுக்கு இடம் உண்டு. ஆய்வுக்குக் கிடைத்த கவனம், அதன் தரம், அதனால் நோயாளி அடைந்த பயன் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. மூன்றையும் ஒரே எண்ணில் படிக்க முயல்வதால்தான் இத்துறையில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

தோற்றம்

மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பணி பழமையானது. அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகத்தை வளர்த்தெடுத்த ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற தொடர் பட்டியலைத் தொடங்கினார். இன்றைய பப்மெட் தரவுத்தளம் அதன் வழிவந்தது. எந்தப் பொருளில் யார் எழுதினார் என்பதை அந்தப் பட்டியல் சொன்னது. எழுதியதைப் பின்னர் யார் பயன்படுத்தினார் என்பதைச் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் யூஜின் கார்ஃபீல்டு. ஒரு தீர்ப்பு பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது என்று அறிய, அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதலே ஷெப்பர்டு தொகுப்புகளைப் பயன்படுத்தி வந்தனர். அதே முறையை அறிவியலுக்கும் கொண்டுவரலாம் என்று 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்ஃபீல்டு எழுதினார். ஃபிலடெல்ஃபியாவில் அவர் நிறுவிய நிறுவனம் 1964இல் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தொகுப்பை வெளியிட்டது. ஒரு கருத்து கட்டுரைக்குக் கட்டுரை பயணிக்கும் தடத்தைத் தேட உதவுவதே அதன் முதல் நோக்கம். ஆய்வாளர்களைத் தரப்படுத்தும் பழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்தச் சிந்தனைக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில் ‘லைப்ராமெட்ரி’ என்ற துறை உருவாக வேண்டும் என்றார். நூலகப் பணியில் புள்ளியியலைப் பயன்படுத்துவது அவர் கருத்து. வெளியீடுகளை எண்களால் அளக்கும் துறைக்கு பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற பெயர் 1969இல்தான் பரவத் தொடங்கியது.

கட்டுரைகளை எண்ணுதல்

எண்ணுவது எளிய வேலைபோலத் தோன்றும். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த சோதனையும் ஒரே நோயாளியைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பும் பட்டியலில் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். அதனால் மூல ஆய்வு, திறனாய்வுக் கட்டுரை, நோயாளி அறிக்கை, ஆசிரியருக்குக் கடிதம் என்று வகை பிரித்தே எண்ண வேண்டும்.

அடுத்த கேள்வி, கட்டுரை யாருடையது என்பது. மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் குழுவை வழிநடத்திய மூத்தவருடையது. நடுவில் வரும் பெயர்களின் பங்கை வெளியிலிருந்து அறிவது கடினம். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பதும், உண்மையில் எழுதியவரின் பெயரை விட்டுவிடுவதும் மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள கேடுகள். இவற்றைத் தடுக்க, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை வகுத்துள்ளது. ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் இருப்பவரே ஆசிரியர் ஆவார்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை அளிப்பதையும் வீட்டிலிருந்தபடியே மருந்து தருவதையும் ஒப்பிட்டது. ஏழ்மை, நெரிசலான வீடு, போதாத உணவு ஆகிய சூழலிலும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ‘புல்லட்டின்’ இதழில் வந்த அந்த முடிவு, உலகெங்கும் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே அடைத்துவைக்கும் வழக்கத்தை மாற்ற உதவியது. கட்டுரையின் ஆசிரியர் இடத்தில் இருப்பது மையத்தின் பெயர். வீடு வீடாகச் சென்றவர்கள், சளியைச் சோதித்தவர்கள், கணக்கெடுத்தவர்கள் எவருடைய தனிப்பட்ட மேற்கோள் எண்ணிக்கையிலும் அது ஏறவில்லை.

எச்-குறியீடு

இன்று அதிகம் பேசப்படும் அளவுகோல் எச்-குறியீடு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் இதை முன்வைத்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள்கள் எந்த இடம் வரை உள்ளன என்று பார்க்க வேண்டும். ஒரு மருத்துவரின் எட்டுக் கட்டுரைகள் முறையே 60, 31, 14, 9, 6, 5, 2, 0 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு ஆறு மேற்கோள்கள் உள்ளன, ஆறாவதற்கு ஐந்துதான். ஆகவே அவரது எச்-குறியீடு 5. முதல் கட்டுரையின் மேற்கோள் 60இலிருந்து 6,000 ஆக உயர்ந்தாலும் அது 5ஆகவே நிற்கும். மேற்கோளே பெறாத நூறு கட்டுரைகளை எழுதிக் குவித்தாலும் உயராது. ஒற்றைப் பெருவெற்றியையும் வெறும் எண்ணிக்கைப் பெருக்கத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துவது இதன் சிறப்பு. ஒரே கட்டுரையால் மருத்துவத்தை மாற்றியவரைக் காணத் தவறுவது இதன் குறை.

ஒருமுறை ஏறிய எச்-குறியீடு, ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டாலும் இறங்காது. எனவே இளையோரை மூத்தோருடன் ஒப்பிட இது உதவாது. பணியாண்டுகளால் வகுத்துப் பார்க்கும் முறையை ஹிர்ஷே தந்துள்ளார். அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் ஜி-குறியீட்டை லியோ எகே 2006இல் முன்வைத்தார். குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளை மட்டும் எண்ணும் ஐ10-குறியீடு கூகுள் ஸ்காலர் தேடுதளத்துடையது.

துறைக்குத் துறை அளவு மாறுவதும் கவனிக்கத் தக்கது. ஹிர்ஷின் மூலக் கட்டுரையிலேயே இயற்பியலாளர் எட்வர்டு விட்டனின் குறியீடு 110. நரம்பியல் ஆய்வாளர் சாலமன் ஸ்னைடருடையது 191. உயிர் அறிவியலில் ஆய்வாளர்களும் கட்டுரைகளும் மிகுதி, ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலும் நீளம் என்பதால் இந்த வேறுபாடு எழுகிறது. மருத்துவத்துக்கு உள்ளேயும் இப்படித்தான். புற்றுநோய் ஆய்வாளரின் எண்ணைத் தடயவியல் மருத்துவரின் எண்ணோடு நேருக்கு நேர் வைப்பது நியாயமாகாது. இதைச் சரிசெய்ய, ஒரே துறை, ஒரே ஆண்டு, ஒரே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று கொண்டு ஒப்பிடும் அளவீடுகள் உருவாயின. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சார்பு மேற்கோள் விகிதமும் இந்த நோக்கத்தில் பிறந்ததே. அதில் அந்நிறுவனத்தின் நிதி பெற்ற கட்டுரைகளே ஒப்பீட்டு அடிப்படை.

தரவு எங்கிருந்து வருகிறது

ஒரே ஆய்வாளருக்கு வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய தளங்கள் மூன்றும் மூன்று எண்களைக் காட்டும். முதல் இரண்டும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் கணக்கில் கொள்கின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், நூல்கள், முன்வெளியீடுகள் எனப் பலவற்றையும் சேர்ப்பதால் பொதுவாக எண் பெரிதாக இருக்கும். எந்தத் தளம், எந்தத் தேதி என்று குறிப்பிடாத எச்-குறியீட்டை நம்பி ஒரு முடிவும் எடுக்கலாகாது.

பெயர்ச் சிக்கல் தமிழ் ஆய்வாளர்களை அதிகமாகவே பாதிக்கிறது. மேலைநாட்டு இதழ்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. தமிழர் பலருக்கு இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும் மட்டுமே. ஒரு கட்டுரையில் முதலெழுத்து முன்னால், மற்றொன்றில் பின்னால், இன்னொன்றில் தந்தை பெயரே முழுதாக என்று வந்தால் ஒருவரின் உழைப்பு மூன்று பேருக்குப் பிரிந்துவிடும். பொதுவான பெயர் என்றால் பலரது கட்டுரைகள் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் அமைப்பு ஒவ்வோர் ஆய்வாளருக்கும் வழங்கும் 16 இலக்க அடையாள எண் இதற்கு நல்ல தீர்வு. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அதைப் பெற்றுவிடுவது சிறந்தது.

இதழின் புகழும் கட்டுரையின் மதிப்பும்

இம்பாக்ட் ஃபாக்டர் எனப்படும் தாக்கக் காரணி, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் அடுத்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களின் சராசரி. அது இதழுக்கு உரிய எண். அதில் எழுதியவருக்கு உரியதன்று. இதழ்களில் சில கட்டுரைகளே பெரும்பகுதி மேற்கோள்களைப் பெறுகின்றன. ‘சிஏ: எ கேன்சர் ஜர்னல் ஃபார் க்ளினிஷியன்ஸ்’ இதழின் 2020ஆம் ஆண்டுக்கான தாக்கக் காரணி 500ஐத் தாண்டியது. அதற்கு முக்கியக் காரணம், ஆண்டுதோறும் அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகளை உலகமே எடுத்துக்காட்டுவது. அதே இதழின் வேறொரு கட்டுரைக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை. ஆய்வாளரை மதிப்பிட இதழ் எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் உருவாக்கிய பிரகடனம் கோருகிறது. டோரா என்று சுருக்கமாக அறியப்படும் அது 2013இல் வெளியானது.

மேற்கோள் எதைக் குறிக்கிறது

மேற்கோள் எப்போதும் பாராட்டாக இருப்பதில்லை. புரதத்தின் அளவைக் கண்டறியும் வழிமுறையை விளக்கி ஆலிவர் லவ்ரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை 2014 வரையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருந்தது. ஆய்வுக்கூடங்கள் நாள்தோறும் பயன்படுத்திய வழிமுறை என்பதே காரணம். மறுபுறம், தட்டம்மையையும் உள்ளடக்கிய எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையும் பெருமளவில் எடுத்துக்காட்டப்பட்டது. எடுத்துக்காட்டியவர்களில் பெரும்பாலோர் அதை மறுத்தவர்கள். 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. கணக்கிடும் கணினிக்கு இரண்டும் ஒன்றே.

எண்ணுக்கு மதிப்பு கூடும்போது அதை ஏய்க்கும் ஆசையும் கூடுகிறது. தம் கட்டுரைகளைத் தாமே எடுத்துக்காட்டுவது ஓரளவு இயல்பு. அளவு மீறினால் அது ஊதிப்பெருக்கல். ஒருவரையொருவர் எடுத்துக்காட்டும் குழுக்கள், பணத்துக்குக் கட்டுரை விற்கும் ஆலைகள் ஆகியவையும் உண்டு. ஜப்பானிய மயக்கவியலாளர் யோஷிடாகா ஃபுஜியின் 212 கட்டுரைகளை அந்நாட்டு மயக்கவியலாளர் சங்கம் 2012இல் விசாரித்தது. அவற்றில் 172 கட்டுரைகளில் புனைந்த தரவுகள் இருந்தன. வெளியீட்டுப் பட்டியலின் நீளத்தை மட்டும் பார்த்திருந்தால் அவர் முன்னணி ஆய்வாளராகவே தெரிவார்.

இந்தியச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் இடம்பெறும் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோப்பஸ் தரவைக் கொண்டு தயாரிப்பது அது. எச்-குறியீடு, ஆசிரியர் வரிசையில் வகித்த இடம் உள்ளிட்ட ஆறு அளவீடுகளைச் சேர்த்து, சுயமேற்கோளை நீக்கியும் நீக்காமலும் தரப்படுத்துகிறது. கவனமாகச் செய்யப்பட்ட மேற்கோள் கணக்கு அது. பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமோ விருதோ போல அதைக் கொண்டாடுவது தவறு.

எண்ணில் அடங்காதவை

1971இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே நோயாளிகளைக் காத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. 1973இல் ‘ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் அந்த அனுபவம் வெளியானது. அதன் பயன் வீட்டுச் சமையலறை வரை எட்டியது. அங்கே கரைசல் கலக்கும் தாய் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. கவனம் தாமதமாக வருவதும் உண்டு. எம்ஆர்என்ஏ மூலக்கூறின் உட்கூறுகளை மாற்றினால் உடலின் எதிர்ப்பைத் தணிக்கலாம் என்று கேத்தலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் காட்டினர். அப்போது அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. கோவிட் தடுப்பூசிகளுக்குப் பின் 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே சிகிச்சை நெறிமுறைகளில் ஆய்வு இடம்பெற்றதா, காப்புரிமையாகவோ மருந்தாகவோ மாறியதா, அரசின் சுகாதாரத் திட்டத்தை மாற்றியதா என்ற கேள்விகளையும் மதிப்பீட்டாளர் கேட்க வேண்டியுள்ளது. இவற்றுக்குக் கட்டுரைகளைப் படித்தே விடை காண முடியும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2015 முதல் நடைமுறைப்படுத்திய தன்விவரப் படிவத்தில், விண்ணப்பதாரர் அறிவியலுக்குத் தாம் அளித்த ஐந்து பங்களிப்புகள் வரை தம் சொற்களில் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டுரைகள் வரை சான்றாகக் காட்ட இடம் இருந்தது.