ஹாட்மெயில் பிறந்த கதை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடில நதியின் ஓரமாக, செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. 1756 ஜூன் மாதம் ராபர்ட் கிளைவ் அங்கே உதவி கவர்னராகப் பதவி ஏற்றான். அதே மாதம் கல்கத்தா சிராஜ் உத்தௌலாவின் வசமாயிற்று. அந்தச் சேதி சென்னைப்பட்டணத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆகஸ்டு மாதம்! லண்டனுக்கு எழுதினாலோ, கம்பெனிக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆறு மாதம் பிடிக்கும்.

தாமதம் ஒரு சங்கடம். சொந்தக் கடிதமும் முதலாளியின் வழியாகவே போகவேண்டியிருப்பது இன்னொரு சங்கடம். முதலாவதைத் தந்தி தீர்த்து வைத்தது. இரண்டாவது, 1995-இல் கம்ப்யூட்டர்கள் நிறைந்த கலிபோர்னியாவிலும் தீரவில்லை.

பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய சகா ஜாக் ஸ்மித்தும் அங்கே ஒரே ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தார்கள். தனியாகத் தொழில் தொடங்க இருவருக்கும் ஆசை. அதைப் பற்றி ஆபீஸ் மின்னஞ்சலில் எழுதினால் மேலதிகாரி பார்த்துவிடலாம். வீட்டுக் கணக்கை ஆபீஸிலிருந்து திறக்க வழியில்லை. கடிதத்தையே ஓர் இணையப் பக்கமாக்கிவிட்டால்? உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்துத் திறந்துகொள்ளலாமே! தேடிய தொழில் அங்கேயே கிடைத்துவிட்டது.

பலரிடம் அலைந்த பிறகு ஒரு முதலீட்டு ஸ்தாபனம் 3 லட்சம் டாலர் தந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'உங்களுக்கும் இலவசக் கணக்கு உண்டு' என்ற வரி இருக்கவேண்டுமென்று யோசனை சொன்னதும் அந்த ஸ்தாபனம்தான். கலியாணப் பத்திரிகையின் அடியில் அச்சாபீஸ் பெயர் வருவதில்லையா, அப்படி! இளைஞர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த வரிதான் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தது.

1996 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று ஹாட்மெயில் வெளிவந்தது. இடம் 2 மெகாபைட். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுக்கே போதாது. ஆயினும் 1997 டிசம்பரில் 85 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த மாதமே மைக்ரோஸாப்ட் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-இல். பிறகு முளைத்த பிரௌசிங் சென்டர்களில், வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதவர்களுக்கும் ஒரு விலாசம் கிடைத்தது. வாடகை வீடு மாறினாலும் மாறாத விலாசம்! சாமானியர்களுக்கு இது சின்ன விஷயமா?

முதலாளியின் கண்ணிலிருந்து தப்பிய கடிதம் வேறொரு முதலாளியின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மை. 1999 ஆகஸ்டில் அந்தப் பெட்டியின் பூட்டு பழுதாயிற்று. பெயர் தெரிந்தால் போதும், யார் கணக்கையும் யாரும் திறக்கலாம் என்ற நிலை. சில மணி நேரம் சேவையையே நிறுத்திச் சரிசெய்தார்கள். வெகுநாள் திறக்காமல் விட்டவர்களின் கடிதங்களோ அழிக்கப்பட்டன. இலவச இடத்தில் வாடகைச் சீட்டு ஏது?

2004 ஏப்ரல் 1 அன்று கூகிள், 1 ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது, முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். ஹாட்மெயிலும் இடத்தைப் பெருக்கவேண்டியதாயிற்று. 2013-இல் அதன் கணக்குகள் எல்லாம் அவுட்லுக் என்ற புதுப் பெயருக்குள் போய்விட்டன. பழைய ஹாட்மெயில் விலாசத்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்றும் அந்தப் பெயரிலேயே கடிதம் வருகிறது.