கேள்வி கேட்கும் இயந்திரம்: முத்துச் சலாபம், முந்நூற்று நாலு, இணையவழி பிரிட்ஜ்

மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்கள் சிலாபத்துக் கடலில் தொடங்கி, காரைதீவுக்கும் குதிரைமலை முனைக்கும் எதிரே வடக்காக நீண்டு, மன்னாரின் தெற்குக் கரைவரை பரவிக் கிடந்தன. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தக் கரையோரத்தில் முளைத்த தற்காலிக நகரங்களில் சிப்பிகள் திறக்கப்படாமலே விற்கப்பட்டன. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் போயிற்று. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்கியவருக்கு அவற்றை அழுகவிட்டுக் கழுவிய பிறகே தெரியும். ஆனால் விலை கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்பட்டதும் அல்ல. பார்களைப் பரிசோதித்த பிரித்தானிய அதிகாரிகள் மாதிரிச் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வல்லுநரைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பியின் பெறுமதியை முன்கூட்டியே கணித்தனர். வணிகர்களும் தங்கள் பங்குக்குச் சிப்பிகளை உடைத்துப் பார்த்தனர். மரிச்சுக்கட்டியில் முகாமிட்டு நடத்தப்பட்ட 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தச் செழிப்பை வைத்துக் கணக்குப் போட்ட இலண்டன் கம்பெனி ஒன்று 1906இல் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாயின; கம்பெனியும் கலைந்தது. நல்ல காலத்தின் மாதிரியை எல்லாக் காலத்துக்கும் பொருத்தியதுதான் தவறு. கேள்வியில், அதாவது ஏலம் கேட்பதில், நேரக்கூடிய பிழைகளுள் இது ஒரு வகை: மறைந்திருப்பதன் பெறுமதியைத் தப்பாக மதிப்பிடுவது.

இரண்டாவது வகைப் பிழைக்கு, அதாவது கூட்டாளியோடு பேசுவதில் நேரும் பிழைக்கு, முத்து ஏலத்தில் இடமே இல்லை. அது சீட்டாட்டத்துக்கே உரியது. இலங்கையில் பரவலாக ஆடப்படும் கூட்டாட்டங்கள் இரண்டு, ஓமியும் முந்நூற்று நாலும். இரண்டும் 32 சீட்டு ஆட்டங்கள். ஓமியில் கேள்வி கிடையாது. முதல் நான்கு சீட்டைப் பார்த்து ஒருவர் துரும்பு சொல்வதோடு சரி. முந்நூற்று நாலில் கேள்விதான் ஆட்டத்தின் உயிர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. கையில் நான்கு சீட்டு வந்ததும் 160இலிருந்து கேள்வி தொடங்கும். வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். கூட்டாளி ஏற்கெனவே கேட்டிருந்தால் அவருக்கு மேல் கேட்பவர் 200இலிருந்துதான் கேட்கலாம். தனக்குப் பதிலாகக் கூட்டாளியைக் கேட்கச் சொல்லும் உரிமையும் முதலில் பேசுபவருக்குச் சில முறைகளில் உண்டு. இந்த இரண்டு விதிகளும் கவனிக்கத் தக்கவை. ஒரு கேள்வி விலை மட்டுமல்ல, எதிரே இருப்பவருக்குச் சொல்லும் சேதியும்கூட என்பதை ஒப்புக்கொண்டு, அந்தச் சேதி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவை வேலி கட்டுகின்றன.

பிரிட்ஜ் இந்த இரட்டைத் தன்மையை அதன் எல்லைவரை கொண்டுபோன ஆட்டம். 1925இல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் இன்றைய புள்ளி முறையை வகுத்த பின், எத்தனை பிடி எடுப்போம் என்பதைச் சரியாக முன்கூட்டிச் சொன்னவருக்கே பெரிய பரிசு என்றாயிற்று. சொல்லக் கிடைக்கும் வார்த்தைகளோ 38 தான்: 35 ஒப்பந்தங்கள், பாஸ், டபுள், ரீடபுள். ஒருவர் கையில் வரக்கூடிய 13 சீட்டுக் கூட்டங்கள் 63,500 கோடிக்கும் மேல். இத்தனை கைகளை இத்தனை குறைந்த சொற்களால் விவரிக்க வேண்டும். சொல்வதை எதிரிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே கூட்டாளிகள் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் ஏற்றினார்கள். அந்த உடன்பாட்டை எதிரிகளுக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று விதியும் வந்தது. கணினி இந்த ஆட்டத்துக்குள் நுழைந்த வரலாறு முழுவதிலும் ஒரே கோலம் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்: மதிப்பிடும் வேலையில் இயந்திரம் படிப்படியாக மனிதரை நெருங்கியது, சில இடங்களில் முந்தவும் செய்தது, பேசும் வேலையில் அது இன்னும், மதிப்பிட மட்டுமே வேண்டியிருந்த முத்து வணிகரின் இடத்திலேயே நிற்கிறது.

முதல் தலைமுறை நிரல்கள் விதிப் புத்தகங்கள். 1970இல் அந்தோனி வாசர்மன் விவரித்த கேள்வி நிரல் இத்தகையது: கையின் புள்ளி இவ்வளவு, நீளமான இனம் இது, கூட்டாளி சொன்னது அது, ஆகவே இதைச் சொல். புத்தகத்தில் உள்ள நிலைமைகளில் இவை ஒழுங்காகவே நடந்துகொண்டன. புத்தகம் முடிந்த இடத்தில் தடுமாறின. 1997இல் உலகக் கணினி பிரிட்ஜ் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டில் டாம் த்ரூப்பின் பிரிட்ஜ் பாரன் நிரல் வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் மத்தியூ கின்ஸ்பெர்க்கின் ஜிப் வென்றது. இந்த ஜிப்தான் பின்னாளில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தின் ரோபோவாகி உலகெங்கும் ஏராளமானோருக்குக் கூட்டாளியாக அமர்ந்தது. இணையத்தில் இன்று மக்கள் சிரித்தும் சலித்தும் பேசும் ரோபோக் கேள்விகள் பலவற்றின் வேர் அதன் வடிவமைப்பில்தான் இருக்கிறது.

ஜிப் செய்வது மாதிரி எடுக்கும் வேலை. தன் கையையும் இதுவரை கேட்ட கேள்விகளையும் வைத்து, அவற்றுக்கு ஒத்துப்போகும் பகிர்வுகளைக் கற்பனையாக உருவாக்குகிறது. சொல்லக்கூடிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, அதற்குப் பின் மற்ற மூவரும் என்ன சொல்வார்கள் என்று விதித் தொகுப்பைப் பார்த்து ஓட்டுகிறது. முடிவில் வரும் ஒப்பந்தம் எத்தனை பிடி எடுக்கும் என்பதை நான்கு கைகளும் விரித்து வைக்கப்பட்டதுபோல் எண்ணி, சராசரியில் அதிகம் தரும் கேள்வியைத் தெரிந்தெடுக்கிறது. நேர்த்தியான வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இரண்டு கால்களிலும் ஊனம் உண்டு. முதலாவது, விரித்த கை என்னும் அனுமானம். விரித்த கையில் ராணி யாரிடம் இருக்கிறது என்று ஆடுபவர் தேடவேண்டியதில்லை. எப்போதும் சரியாகப் பிடிப்பார். எதிராளியும் முதல் சீட்டை எப்போதும் தனக்கு மிகச் சாதகமாகவே போடுவார். நிஜ மேசையில் இரண்டுமே நடப்பதில்லை. அதனால் துரும்பில்லா மூன்று போன்ற ஒப்பந்தம் மனிதர்கள் ஆடும்போது தேறும் அளவுக்குக் கணக்கில் தேறாமல் போகலாம். ஒரு ராணியின் இருப்பிடத்தில் தொங்கும், 13 பிடியும் எடுக்க வேண்டிய பெரிய ஸ்லாம் கணக்கில் பாதுகாப்பாகத் தோன்றலாம். இதைவிட முக்கியம், சீட்டுகள் எல்லாம் தெரியும் உலகில் மறைப்புக்கு விலை கிடையாது. தன் கையை எதிரிக்கு அம்பலமாக்கும் நீண்ட கேள்வித் தொடரும், ஒன்றும் காட்டாமல் நேரே இலக்குக்குப் போகும் ஒற்றைக் கேள்வியும் இயந்திரத்தின் தராசில் ஒரே எடை.

இரண்டாவது ஊனம் இன்னும் வேடிக்கையானது. அதைக் கின்ஸ்பெர்க்கே 2001இல் வெளியிட்ட தம் ஆய்வுரையில் ஒளிக்காமல் எழுதினார். விதித் தொகுப்பில் எங்காவது ஓட்டை இருக்கும். ஒரு விசித்திரமான கேள்விக்குப் பின் எதிரிகள் என்ன செய்ய வேண்டும் என்று தொகுப்பு சரியாகச் சொல்லாவிட்டால், ஒத்திகையில் அந்த எதிரிகள் முட்டாள்தனமாக நடந்துகொள்வார்கள். சராசரி உடனே ஏறும். விளைவு, நிரல் அந்த விசித்திரக் கேள்வியையே விரும்பித் தேர்ந்தெடுக்கும். தேடல் எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவு உறுதியாக ஓட்டையைக் கண்டுபிடிக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரும் தன் புத்தகத்தையே, தன் புத்தகத்தின் பிழைகளோடு சேர்த்தே, படித்தவர் என்று அது நம்புகிறது. வேகம் கூடினால் திறமை கூடும் என்ற பொதுவான எண்ணம் இந்த இடத்தில் பொய்த்துப் போகிறது.

பேச்சு என்ற கோணத்தில் இதை ஒரு சின்னக் கணக்கில் நெருக்கமாகக் காணலாம். ஆசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற வழக்கமான கணக்கில் சீட்டுக்கட்டு முழுவதிலும் 40 புள்ளிகளே உண்டு. வலப்பக்க எதிரி ஆட்டத்தைத் திறக்கிறார்: குறைந்தது 12. நம் கையில் 14, டபுள் சொல்கிறோம். இடப்பக்க எதிரி புது இனம் சொல்கிறார்: குறைந்தது 6. கூட்டாளியோ 12 இருந்தால்தான் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்கிறார். கூட்டினால் 44. யாரோ பொய் சொல்கிறார். அனுபவமுள்ள மனிதர் இந்த இடத்தில் கணக்குப் போடுவதில்லை, ஆள் பார்க்கிறார். தோற்றாலும் இழப்பு குறைவான நிலையில் இருப்பவர் யார், மூன்றாவது இடத்திலிருந்து ஒன்றுமில்லாமல் திறக்கும் பழக்கம் யாருக்கு என்று யோசிக்கிறார். மாதிரி எடுக்கும் இயந்திரத்துக்கோ இந்த 44க்குப் பொருந்தும் பகிர்வு ஒன்றுகூடக் கிடைக்காது. ஏதோ ஒரு நிபந்தனையைத் தளர்த்தியே ஆகவேண்டும். எதைத் தளர்த்துவது என்பது நிகழ்தகவுக் கேள்வியல்ல. யாரை நம்புவது என்ற கேள்வி.

இந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்ட மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. ரோபோவுடன் ஆடும் போட்டிகளில் தேர்ந்தவர்கள் ஒற்றைச் சீட்டு இனம் இருந்தாலும் சமநிலைக் கை என்று சொல்லித் துரும்பில்லா ஒன்றால் திறக்கிறார்கள். எதிரி ரோபோ போடக்கூடாத முதல் சீட்டின் இனத்தைத் தமது இனம்போலச் சொல்லிவைக்கிறார்கள். ரோபோ அதைத் திரையில் காட்டும் விளக்கத்தின்படியே எழுத்துக்கு எழுத்து நம்புகிறது. நேற்று ஏமாந்த அதே ஆளிடம் இன்றும் அதே முகத்தோடு ஏமாறுகிறது. ஒருவகையில் அது குற்றமற்ற கூட்டாளி: கோபம் கொள்வதில்லை, குத்திக்காட்டுவதில்லை. ஆனால் இங்கே ஆடப்படுவது வாண்டர்பில்ட்டின் ஆட்டமா, அல்லது பழக்கம் தெரிந்த ஒரு பொறியை இயக்கும் கலையா என்று கேட்க இடமிருக்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு, இவை பழைய நிரலின் கோளாறுகள், விதிகளைத் திருத்தினால் தீரும் என்பது. சில தீர்ந்தும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டுகிறதே தவிர, எதிரே இருப்பவர் வேறு புத்தகம் வைத்திருக்கலாம் என்ற அறிவைத் தருவதில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது: நரம்பியல் வலையமைப்புகள் வந்துவிட்டன, விதிப் புத்தகமே தேவையில்லை. உண்மைதான், 2019, 2020 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் இத்தகைய நிரல்கள் உலகக் கணினிப் போட்டியில் பலமுறை வென்ற டபிள்யூபிரிட்ஜ்5 நிரலைக் கேள்வியில் மிஞ்சின. ஆனால் அவற்றின் மதிப்பெண் பெரும்பாலும் அதே விரித்த கைக் கணக்கிலிருந்து வந்தது. தம்மோடு தாமே கோடிக்கணக்கான கைகள் ஆடிப் பழகிய இரட்டையர்கள் தமக்குள் ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள்; கூட்டாளியின் கேள்விக்கு என்ன பொருள் என்று எதிரி கேட்டால் பதில் சொல்ல அந்த மொழிக்கு அகராதி இல்லை. உடன்பாட்டை வெளிப்படுத்து என்ற விதி உள்ள ஆட்டத்தில் இது சிறிய குறை அல்ல. மனிதரின் உடன்பாட்டுக்குள் நின்று கேட்கப் பழக்கும் முயற்சியும் 2020இலேயே நடந்தது; அப்படி ஒரு தனி முயற்சி தேவைப்பட்டதே நம் வாதத்துக்குச் சாட்சி.

இன்னொரு சான்று, இயந்திரம் புகழ் பெற்ற போட்டிகளிலேயே கிடக்கிறது. 1998இல் பிரான்சின் லீல் நகரில் உலகச் சாம்பியன் போட்டியோடு நடந்த ஒரு போட்டியில் ஜிப் பெரும் ஆட்டக்காரர்களுக்கு நடுவே 12ஆம் இடம் பெற்றது. 2022 மார்ச்சில் பாரிஸில் நுக்காய் நிறுவனத்தின் நூக் நிரல் எட்டு உலகச் சாம்பியன்களோடு மோதி, 80 சுற்றுகளில் 67ஐ வென்றது. இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் முன்கூட்டியே தரப்பட்டிருந்தது. ஆடிக் காட்டுவது மட்டுமே வேலை. கால் நூற்றாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு பெரிய பரீட்சைகளிலிருந்தும் கேள்வி விலக்கப்பட்டிருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினிகளுக்கான உலகப் போட்டியில் கேள்வி உண்டு. ஆனால் அங்கே கூட்டாளி அதே நிரலின் இன்னொரு பிரதி. அறிமுகமில்லாத ஒருவரோடு உடன்பாடு கண்டு பேசும் திறன் எதிலும் அளக்கப்படவில்லை.

மனிதரும்தான் கேள்வியில் தவறுகிறார்கள் என்று சொல்லலாம். தவறுகிறார்கள், தாராளமாக. மனிதத் தவறு பிடிபட்டதும் கூட்டாளி அடுத்த கையிலேயே அதற்குத் தக்கபடி கேட்பார் என்பதுதான் வேறுபாடு. இந்த வேறுபாட்டைத் தனியே பிரித்து அளக்கப் பிரிட்ஜ் வசதியான களம் அல்ல. மதிப்பீட்டுப் பிழையும் பேச்சுப் பிழையும் அதில் பின்னிக் கிடக்கின்றன. முந்நூற்று நாலு அதற்கு வசதியானது. 32 சீட்டில் முதல் நான்கு சீட்டுக் கைகள் 35,960 மட்டுமே. எட்டுச் சீட்டுக் கைகள் ஒரு கோடியே ஐந்து லட்சத்துச் சொச்சம். சாதாரண மடிக்கணினியே முதற்கைகள் அத்தனைக்கும் பெறுமதி கணித்துப் பட்டியலிட்டு வைத்துவிடும். அதன் பிறகும் ஒரு நிரல், கூட்டாளியின் 160க்கு மேல் 200 கேட்க வேண்டிய இடத்தில் பின்வாங்கினால், அல்லது தன் 160ஐக் கூட்டாளி எப்படிப் புரிந்துகொள்வார் என்று அறியாமல் கேட்டால், அந்தப் பிழையைக் கணக்கின் தலையில் கட்ட வழியில்லை. துரும்பு கவிழ்ந்திருப்பதால் கேள்வியில் இனத்தின் பெயரும் வராது. சேதி முழுவதும் எண்ணிலும், எந்த முறையில் சொன்னார் என்பதிலும் மட்டுமே. ஒரே மனிதரோடு நூறு கை ஆடவிட்டு, நூறாவது கையில் நிரலின் கேள்வி முதற்கையில் கேட்டதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் போதும்.