இராமேசுவரம் கோயிலைப் பேணிய வருவாய்கள்

மணலும் பவளக்கல்லும் மட்டுமே நிறைந்த ஒரு தீவில், கடல் கடந்து கொண்டுவந்த கருங்கல்லால் ஏறத்தாழ 4000 அடி நீளத்துக்குப் பிராகாரங்கள் எழுந்து நிற்பது, இராமநாதசுவாமி கோயிலைப் பற்றி எழுதியோர் அனைவரையும் வியக்கவைத்திருக்கிறது. ஆயினும் அவற்றை எழுப்பியவர் யார் என்று ஆராய்ந்த அளவுக்கு, எழுப்பியவற்றை இத்தனை காலம் எந்த வருவாய் காத்துவந்தது என்பது ஆராயப்படவில்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்று யாத்திரை வழியின் காவலை ஒப்படைத்தார். அதன் பிறகு இராமநாதபுரத்துச் சேதுபதிகள் கோயிலை விரிவுபடுத்தியதோடு, பூசைக்கும் விளக்குக்கும் திருவிழாவுக்கும் ஊர்களைச் சர்வமானியமாக, அதாவது வரி நீக்கிய கொடையாக, எழுதிவைத்தனர். எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதிகளின் செப்பேடுகள் இக்கொடைகளுக்குச் சான்று. இந்த ஊர்கள் இருந்ததோ வானம் பார்த்த பூமி. அங்கே விளைச்சல் என்பது மழைநீரைத் தேக்கும் கண்மாயைப் பொறுத்தது. எனவே கண்மாயின் கரை உடைந்து மராமத்து தவறிய ஆண்டில், பல காதம் தள்ளியிருந்த தீவின் கோயில் செலவுக்கும் தட்டுப்பாடு நேரும் நிலை இருந்தது. கோயிலைப் பேணுதல் என்பது கடலுக்கு இப்பாலுள்ள வேளாண்மையையும் சேர்த்துப் பேணுவதாக இருந்ததே அந்த ஏற்பாட்டின் பெருஞ்சிறப்பு எனலாம்.

1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரம் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்றது. 1772இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தனர். 1795இல் சேதுபதியைக் கும்பினி பதவி நீக்கியது. 1803இல் சீமை ஜமீனாயிற்று. ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்னும் கப்பத்தைச் செலுத்தவேண்டியிருந்த ஜமீனால் பழைய அரசு செய்ததைப்போலப் பெருந்திருப்பணிகளை மேற்கொள்ள இயலவில்லை. நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்ற கிழக்குக் கோபுரத்தை ஒன்பது நிலைகளோடு 1904 வாக்கில் முடித்தவர்கள் தேவகோட்டை நகரத்தார் குடும்பத்தினர். 1907 முதல் 1925 வரை கருவறையிலும் முதல் பிராகாரத்திலும் பழைய சுண்ணாம்புக் கல்லை நீக்கிக் கருங்கல் வைத்துக் கட்டியவர்களும் அவர்களே. உப்புக்காற்றைத் தாங்கும் வலிமையை அத்திருப்பணி கோயிலுக்குத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கோயிலின் மிகப் பழைய கல்வேலையில் ஒரு பகுதி அதனோடு மறைந்துபோனது வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பே.

விடுதலைக்குப் பின் வருவாயின் அடித்தளமே மாறியது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களும் உழவருக்கு நியாயமான நிலவுரிமையை வழங்கின. கோயில்கள் அவ்வாறு இழந்த வருவாய்க்கு ஈடாக அரசு கொடுத்த தொகை தஸ்திக் எனப்பட்டது. விலைவாசி ஏறியபோது அதன் மதிப்பு தேய்ந்தது. அந்த இடத்தை உண்டியலும் கட்டணச் சீட்டும் நிரப்பின. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலமும் 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும் யாத்திரிகர் வரவைப் பெருக்கியதால், இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்திலுள்ள கோயிலின் வரவு இன்று பெரிதும் யாத்திரிகரிடமிருந்தே வருகிறது. ஆனால் கண்மாய்ப் பாசன ஊரின் நெல் கோயிலுக்குச் சுமையாகவில்லை. யாத்திரிகரோ காணிக்கை தருவதோடு தீவின் நன்னீரையும் இடத்தையும் பயன்படுத்துகின்றனர்.

இதனால் நன்னீருக்கு நேரும் நெருக்கடி மிகுதியாகத் தெரிவது தீர்த்தங்களில்தான். கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகள். அவற்றின் நீர், மணலில் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தைச் சார்ந்தது. விடுதிகள் பெருகி, பெய்யும் மழைக்கு மிஞ்சி நீரை இறைத்தால், உப்புநீர் மேலேறிக் கிணறுகளைக் கெடுக்கும். கோயிலுக்கு வெளியே தீவெங்கும் சிதறியிருந்து தூர்ந்துபோன பழைய தீர்த்தக் குளங்கள் பலவற்றை விவேகானந்த கேந்திரம் அண்மைக் காலத்தில் தூர்வாரிப் புதுப்பித்தது. சமயச் சின்னங்களை மீட்ட பணியாக மட்டுமே அது பேசப்படுகிறது. மழைநீரை மணலுக்குள் இறக்கும் அக்குளங்களின் மராமத்துக்கும் ஆண்டுதோறும் கோயில் வரவில் ஒரு பங்கை ஒதுக்குவது, சேதுபதிகளின் செப்பேடுகள் ஊர்களையும் கோயிலையும் பிணைத்துவைத்த முறைக்கு நெருங்கிய ஏற்பாடாகும்.