அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் நார்மல்

ஓசூரில் யாருக்காவது முடி கொட்டினால் முதல் குற்றவாளி போர்வெல் தண்ணீர். இரண்டாவது குற்றவாளி தைராய்டு. "எனக்குத் தைராய்டு இருக்குப்பா" என்பார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது, கழுத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவத்தில், இருபது கிராம் சொச்சம். ஆனால் அக்கா அப்படிச் சொன்னபோது நான் இந்த ஜோக்கை அடிக்கவில்லை. அவளிடம் ஏற்கெனவே இரண்டு ரிப்போர்ட் இருந்தன, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டன.

அக்கா சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். போன வருஷம் கம்பெனி ஹெல்த் செக்கப்பில் ரத்தம் எடுத்தார்கள். எடுத்தது ஓசூரில், டெஸ்ட் நடந்தது பெங்களூரில். டிஎஸ்எச் 4.6 என்று வந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லை 0.27 முதல் 4.2 வரை. எனவே எண் தடித்த எழுத்தில் இருந்தது. ஒரு மாதம் கழித்து கிருஷ்ணகிரியில் வேறொரு லேபில் பார்த்தோம். 4.5. அங்கே எல்லை 0.55 முதல் 4.78 வரை. சாதாரண எழுத்து. அதாவது அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் நோய், இந்தப் பக்கம் நார்மல். மாமா சிரித்தார், "இனிமே இங்கேயே டெஸ்ட் எடுத்துக்கலாம், நோயே வராது."

இந்த எல்லையை யார் போட்டது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் ஹார்மோனே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்துப் போடும் அதட்டல். தைராய்டு சோம்பினால் அதட்டல் கூடும், அதிகமாக வேலை செய்தால் குறையும். ஆகவே டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு மந்தம், இறங்கினால் வேகம். எங்கள் பாஷையில் சொன்னால் சர்வரை நேரடியாகப் பார்க்காமல் மானிட்டரிங் அலர்ட்டைப் பார்ப்பது.

இந்த அதட்டலை அளக்க வழி இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1956இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமி குழு ஆய்வு தொடங்கியபோது, கையால் கழுத்தைத் தடவி, கண்ணால் பார்த்துத்தான் கழுத்துக்கழலையை எண்ணினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடங்களில் கழலை சரசரவென்று குறைந்தது, நடுப்பகுதியில் அப்படியே நின்றது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. நம் சமையலறை உப்புப் பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் சின்னம் அந்த வழியில் வந்ததுதான். ஒரு எண்கூட அச்சடிக்காமல் நடந்த வைத்தியம்.

எண் வந்த கதை நியூயார்க்கில், பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் நடக்கிறது. ரோசலின் யாலோ இயற்பியல் படித்தவர். துப்புரவுப் பணியாளர் சாமான் வைக்கும் அறை ஒன்றை ஆய்வகமாக மாற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கூட்டாளி சாலமன் பெர்சன், டாக்டர். இருவரும் கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் அது மறையாமல் தங்கியது. எதிர்ப்பொருள் ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார்கள். இவ்வளவு சின்னப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகாது என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்த பிறகே 1956இல் அச்சானது. அந்த நிராகரிப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்தார். 1977இல் நோபல் உரையில் அதை எடுத்துக் காட்டினார். கோட் ரிவ்யூவில் அடிவாங்கிய எல்லோருக்கும் பிடித்தமான காட்சி இது.

அவர்கள் கண்டுபிடித்த முறையை ஓசூர் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். பஸ்ஸில் ஐம்பது சீட், அவைதான் எதிர்ப்பொருள்கள். ஐம்பது பேருக்குச் சிவப்புத் தொப்பி போட்டு அனுப்புகிறோம், அவர்கள் கதிரியக்கம் ஒட்டிய ஹார்மோன். கூடவே எத்தனை பேர் என்று தெரியாத ஒரு கூட்டம் தொப்பி இல்லாமல் முண்டியடிக்கிறது, அது நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஹார்மோன். பஸ் கிளம்பியதும் உட்கார்ந்திருக்கும் சிவப்புத் தொப்பிகளை மட்டும் எண்ணினால் போதும். தொப்பி குறைவு என்றால் கூட்டம் அதிகம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதையெல்லாம் இப்படி எண்ண முடிந்தது. யாலோவும் பெர்சனும் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பெர்சன் 1972இல் இறந்துவிட்டதால் நோபலில் அவர் பெயர் இல்லை. அந்த வருஷப் பரிசின் மறுபாதி கில்லமினுக்கும் ஷாலிக்கும் போனது. ஒருவர் ஆட்டு மூளைகளையும் இன்னொருவர் பன்றி மூளைகளையும் அரைத்து அரைத்து, பிட்யூட்டரியையே அதட்டும் டிஆர்எச் என்ற ஹார்மோனின் அமைப்பை 1969இல் கண்டவர்கள்.

இந்த முறை நம் ஊருக்கு வந்ததில் ஒரு கொங்குக்காரர் கதை உண்டு. கோயம்புத்தூர் பக்கம் அப்பநாயக்கன்பட்டி புதூரில் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்த வேலுமணி, 1982இல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தைராய்டு உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அரசு வேலையை விட்டுவிட்டு 1996இல் தைரோகேர் ஆரம்பித்தார். நாடு முழுக்க எடுத்த ரத்தத்தை விமானத்தில் மும்பைக்கு வரவழைத்து, ஒரே இடத்தில் மொத்தமாக டெஸ்ட் பண்ணி, விலையை வெகுவாகக் குறைப்பது அவர் கணக்கு. 2021இல் கம்பெனியை விற்றார். அணு இயற்பியலில் தொடங்கிய ஒன்று, தெருமுனை லேபில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கானது இப்படித்தான். விலை குறைந்ததும் டெஸ்டுகள் பேக்கேஜ் ஆகின, இன்று எல்லா லேபும் அதைத்தான் விற்கிறது. தைராய்டு, விட்டமின் டி, பி12, கொலஸ்ட்ரால், கிட்னி, லிவர் எல்லாம் ஒரே கவரில்.

இங்கேதான் எல்லை பற்றிய கேள்வி வருகிறது. ஃபின்லாந்தில் ரால்ஃப் கிராஸ்பெக் என்று ஒருவர். பி12 உடம்பில் சேராத ஒரு பரம்பரை நோய்க்கு அவர் பெயரும் உண்டு. 1969இல் அவரும் சாரிஸும் 'நார்மல் அளவு' என்று சொல்வதை விடுங்கள், 'ஒப்பீட்டு அளவு' என்று சொல்லுங்கள் என்றார்கள். வழக்கமான முறை இதுதான்: ஆரோக்கியமானவர்கள் என்று நம்பப்படும் ஒரு கூட்டத்தை எடுத்து, மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் வெட்டிவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்தை எல்லையாக அச்சடிப்பது. அப்படியென்றால் நூறு ஆரோக்கியமான ஆட்களில் ஐந்து பேர், வரையறைப்படியே, தடித்த எழுத்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால் ஒன்றாவது எல்லை தாண்ட வாய்ப்பு எவ்வளவு? 0.95ஐ இருபது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 64 சதவீதம். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷக் கணக்கு. எனக்கு இது முப்பத்தைந்து வயதில்தான் உறைத்தது.

கிருஷ்ணகிரி லேபுக்கும் பெங்களூர் லேபுக்கும் எல்லை ஏன் வேறு என்பதும் இதில் இருக்கிறது. இயந்திரம் வேறு, எதிர்ப்பொருள் வேறு, ஒப்பிட எடுத்த கூட்டம் வேறு. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேல் எல்லையை 2.5க்கு இறக்கிவிடலாம் என்றுகூட ஒரு வாதம் எழுந்தது. இறக்கியிருந்தால் ஒரே நாளில் லட்சக்கணக்கானவர்கள் தைராய்டு நோயாளிகள்.

விட்டமின் டி விஷயம் இதைவிட மோசம். அக்காவுக்கு 22 என்று வந்தது, 'போதாது' என்று சீல் குத்தாத குறை. காலை ஆறு மணி ஷிப்டில் உள்ளே போய், ஜன்னலில்லாத ஹாலில் நின்று, மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவளுக்கு வெயில் எங்கே படும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் 2010இல் அமெரிக்க மருத்துவக் கழகம், 20 இருந்தால் அநேகமாக எல்லோருக்கும் போதும் என்றது. அடுத்த வருஷமே எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. நம் லேப் ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் அந்த 30ஐப் பிடித்துக்கொண்டன. 2024இல் அதே சொசைட்டி அந்த 30ஐக் கைவிட்டது. ரிப்போர்ட் டெம்ப்ளேட்டை யாரும் அப்டேட் பண்ணவில்லை போல.

சரி, அக்கா. போன வருஷம் டாக்டர் மாத்திரை வேண்டாம், காத்திருந்து பார்க்கலாம் என்றார். முடி மட்டும் காத்திருக்கவில்லை. லைனில் ஒரு தோழி சொல்லி, பயோட்டின் மாத்திரை வாங்கினாள். 10 மில்லிகிராம், தினம் ஒன்று. இந்த வருஷம் செக்கப்பில் அதே பெங்களூர் லேபிலிருந்து டிஎஸ்எச் 0.08. ஃப்ரீ டி4 2.4, எல்லை 1.7. எதிர்த்திசைக்குப் பறந்துவிட்டது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்த ஒரு கிளினிக் டாக்டர், தைராய்டு ஓவராக வேலை செய்கிறது என்று கார்பிமசோல் எழுதிக் கொடுத்துவிட்டார். தைராய்டை அடக்கும் மருந்து அது.

நான் போன் பண்ணிக் கேட்டேன். "கை நடுங்குதா? படபடப்பு? தூக்கம்?"

"டேய், நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து எட்டு மணி நேரம் தூங்குறேன். ரெண்டு கிலோ ஏறியிருக்கேன். அதுவும் இந்த டாக்டர் சொல்ற நோயில இளைக்கணுமாமே?"

மாத்திரையை இன்னும் தொடாதே என்று சொல்லிவிட்டு, அந்த சனிக்கிழமை பெங்களூரில் ஒரு எண்டோகிரைன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கழுத்தைத் தொட்டார், நாடி பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். காங்ராவில் செய்த மாதிரியே. பிறகு கேட்ட முதல் கேள்வி: "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?"

1927இல் லண்டனில் மார்கரெட் போவாஸ், எலிகளுக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கருவைக் கொடுத்துப் பார்த்தார். முடி கொட்டியது, தோல் உரிந்தது. 1940 வாக்கில்தான் காரணம் தெரிந்தது. வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், பயோட்டின் என்ற விட்டமினைப் பிடித்தால் விடாது. இயற்கையில் நமக்குத் தெரிந்த மிக இறுக்கமான பிடிகளில் ஒன்று. இந்தப் பிடி லேப்காரர்களுக்குப் பிடித்துப்போனது. யாலோவின் கதிரியக்கம் போய் ஒளிரும் வேதிப்பொருள் வந்த காலத்தில், பல இயந்திரங்களில் எதிர்ப்பொருளின் வாலில் பயோட்டினை ஒட்டி, அவிடினின் பாக்டீரியா உறவுக்காரனான ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய துகளில் மாட்டிப் பிடித்தார்கள். கொக்கியும் வளையமும் மாதிரி.

இப்போது நோயாளியின் ரத்தத்திலேயே பயோட்டின் வெள்ளமாக இருந்தால்? ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். அக்கா சாப்பிட்டது அதைப்போல 333 மடங்கு. வளையங்களை எல்லாம் அது அடைத்துக்கொள்ளும். மாட்ட இடமில்லாத எதிர்ப்பொருள்கள் கழுவலில் போய்விடும், வெளிச்சம் குறையும். டிஎஸ்எச் டெஸ்டில் வெளிச்சம் குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று அர்த்தம். டி4 டெஸ்ட் பழைய பஸ் சீட் முறை, அங்கே வெளிச்சம் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். ஒரே பிழை, இரண்டு எண்களையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது. தள்ளிய இடம் பாடப்புத்தகத்தில் உள்ள ஹைப்பர் தைராய்டின் படம். இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் பக். இதைவிட மோசமான பக்கை நான் என் வேலையில் பார்த்ததில்லை.

2016இல் ஜெர்மனியில், வேறு நோய்க்காக அதிக அளவு பயோட்டின் சாப்பிட்ட ஆறு குழந்தைகளின் ரிப்போர்ட் இப்படித்தான் தைராய்டு நோய் என்று காட்டியது. 2017 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் டெஸ்ட் தப்பாகக் குறைத்துக் காட்டி ஒருவர் இறந்த செய்தியும் அதில் இருந்தது. ஆனால் ரத்தம் எடுக்க வந்த பையன் அக்காவிடம் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" மட்டும்தான்.

டாக்டர் பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொன்னார். டிஎஸ்எச் 4.4. ஃப்ரீ டி4 1.2. எல்லை அதே 4.2 என்பதால் மறுபடி தடித்த எழுத்து. ஆறு மாதம் கழித்து வாங்க, இதே லேபில் எடுங்க என்றார். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

பாட்டிலில் மீதி நாற்பது மாத்திரை இருக்கிறது. தூக்கிப்போட அக்காவுக்கு மனசு வரவில்லை, எழுநூறு ரூபாய். முடி இன்னும் கொட்டுகிறது. பாத்ரூம் குழாய்க்கு ஃபில்டர் போடப் போவதாக மாமா சொல்கிறார்.