மலையாக்கமும் பாறைகளின் காந்தப் பதிவும்: அப்பலாச்சிய மலைத்தொடர்

பாறை உருவாகும்போது அதிலுள்ள மேக்னடைட்டு, ஹேமடைட்டு போன்ற இரும்புக் கனிமங்கள் அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பதிவு செய்துகொள்கின்றன. அந்தப் பாறை அப்போது எந்த நிலநேர்க்கோட்டில் இருந்தது என்பதை இப்பதிவிலிருந்து கணக்கிடலாம். இத்துறை தொல்காந்தவியல் எனப்படும். ஆனால் பதிவு பாறையின் வயதுடையதுதானா என்பது தனிக் கேள்வி. பிற்காலத்தில் பழைய பதிவின் மேல் புதியது படிவது மறுகாந்தமாக்கம் ஆகும்.

இதைச் சோதிக்க 1949-இல் ஜான் கிரகாம் மடிப்புச் சோதனையை முன்வைத்தார். மடிந்த அடுக்குகளைக் கணக்கீட்டில் மீண்டும் கிடையாக்கும்போது காந்தத் திசைகள் ஒன்றுபட்டால் பதிவு மடிப்புக்கு முந்தையது, சிதறினால் பிந்தையது. அப்பலாச்சியப் பாறைகள் பலவற்றில் விடை இடையில் நின்றது. பாதியளவு விரித்தபோதே திசைகள் நன்கு ஒன்றுபட்டன. மலை மடிந்துகொண்டிருந்தபோதே காந்தம் பதிந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

இதை உணராததால் ஒரு பெரிய கருதுகோளே பிறந்தது. 1978-இல் டென்னிசு கென்ட், நீல் ஆப்டைக் இருவரும் கேட்சுகில் செம்பாறைகளை ஆராய்ந்தனர். கிட்டத்தட்ட அதே வயதுடைய கடலோர நியூ இங்கிலாந்து, கிழக்குக் கனடாப் பாறைகளின் திசைகள் இவற்றோடு பொருந்தவில்லை. எனவே 'அகாடியா' எனப்பட்ட அக்கடலோரப் பகுதி முன்பு சுமார் 1,500 கிலோமீட்டர் தெற்கே இருந்து, கார்பனிபெரசுக் காலத்தில் வடக்கே நகர்ந்து வந்தது என்றனர். அத்தனை நீளமான நகர்வுக்குரிய பிளவு எங்கே என்று நிலவியலாளர் தேடினர். ஐயத்துக்கு இடமில்லாமல் எதுவும் அகப்படவில்லை.

1984-இல் எட்வர்டு இர்விங், டேவிட் சுட்ராங் இருவரும் மேற்கு நியூஃபவுண்ட்லாந்துப் பாறைகளில் மறைந்திருந்த பழைய பதிவைப் பிரித்தெடுத்தனர். கண்டத்தின் பக்கம் இருந்த அப்பாறைகளும் அகாடியாவின் திசையையே காட்டின. மறு ஆண்டில் கென்ட்டும் ஆப்டைக்கும் பென்சில்வேனியாவின் மாவ் சங்க் பாறைகளைப் படிப்படியாகச் சூடாக்கி அதே முடிவை அடைந்து, தங்கள் கருதுகோளைத் தாங்களே கைவிட்டனர். அறிவியலில் இந்த நேர்மை அடிக்கடி காணக்கிடைப்பதில்லை. நகர்ந்தது நிலம் அன்று. கண்டப் பக்கத்துப் பாறைகளின் காந்தம்தான் மாறியிருந்தது.

மாற்றியது அலிகேனிய மலையாக்கம். ஆப்பிரிக்காவும் வட அமெரிக்காவும் மோதிய அக்காலம், புவிக்காந்தம் தொடர்ந்து எதிர்த்திசையில் இருந்த 'கையாமன்' காலத்தோடு ஒன்றிப்போகிறது. அது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் நீடித்ததால் மேற்பதிவு முழுவதும் ஒரே எதிர்த்திசையில் அமைந்தது.

வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மேக்னடைட்டு தன் காந்தத்தை முற்றிலும் இழக்க 580 பாகை செல்சியசு தேவை. நியூயார்க்கின் சுண்ணாம்புப் பாறைகள் அந்த அளவுக்குச் சூடானதே இல்லை. அவற்றில் பிற்காலத்தில் வளர்ந்த நுண்ணிய மேக்னடைட்டு மணிகளை 1983-இல் மெக்கேப் குழுவினர் கண்டனர். மலை நெருக்கியபோது பிழிந்து வெளியேறிய சூடான உப்புநீர் கண்டத்தின் உட்பகுதி வரை பாய்ந்திருக்கலாம் என்று 1986-இல் ஜாக் ஆலிவர் எழுதினார். ஈய-துத்தநாகப் படிவுகளையும் எண்ணெய் இடம்பெயர்ந்ததையும் அவர் இதே நீரோட்டத்தோடு இணைத்தார். களிமண் கனிமங்கள் மாறும்போது வெளிப்படும் இரும்பே போதும் என்பது மற்றொரு கருத்து. அவ்வாறாயின் வெளியிலிருந்து நீர் வரத் தேவையில்லை.