ஈரம் காயும் வரை: மரச்சாமான் பூச்சும் தூசியும்

மரச்சாமானுக்குப் போடும் தெளிபூச்சின் வரலாற்றை மெழுகு, எண்ணெய், அரக்கு, செல்லுலோஸ், பாலியூரித்தேன் என்று பொருள்களின் வரிசையாகச் சொல்வது வழக்கம். பட்டறையில் நின்று பார்த்தால் அடியில் ஓடும் வேறொரு வரலாறு தெரியும். பூச்சு ஈரமாக இருக்கும் வரை காற்றிலுள்ள தூசி அதில் விழுந்து ஒட்டுகிறது. காய்ந்தபின் விரலுக்குக் குருணையாகத் தட்டுப்படுகிறது. இந்த ஈரப்பொழுதை எப்படிக் கடப்பது? பூச்சு முறைகள் மாறிவந்த போக்கில் இந்தக் கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே என் வாதம்.

ஈரப்பொழுது மிக நீண்டது ஜப்பானின் உருஷியில். அந்த மரப்பால் மற்றப் பூச்சுகளைப் போல் வறண்ட காற்றில் காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 விழுக்காடு இருந்தால்தான் அதிலுள்ள லாக்கேஸ் என்னும் நொதி நன்கு வேலை செய்து பாலை இறுகவைக்கும். அதற்காக ஈரமூட்டிய மரப்பேழைக்குள் சாமானை வைத்து மூடுகிறார்கள். இறுகவைக்கும் பேழையே தூசிக்கும் அரணாகிறது. பூசுவதற்கு முன் பாலை யோஷினோ என்ற மெல்லிய தாளில் பிழிந்து வடிகட்டுகிறார்கள். அதையும் மீறி விழுந்த துகளைக் கூரிய குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். மரத்தின் ரேகை தெரியும்படி தகாயாமாவில் செய்யப்படும் ஹிடா ஷுன்கெய் பூச்சில், ஒரு துகள் விழுந்தாலும் மறைக்க இடமில்லை.

ஐரோப்பா தூசியைத் தடுப்பதைவிட, விழுந்தபின் தேய்த்து நீக்குவதையே நம்பியது. ஸ்டாக்கரும் பார்க்கரும் 1688இல் வெளியிட்ட வார்னிஷ் நூலில், அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் தூரிகையால் பல முறை பூசி, கடைசியில் டிரிப்போலி என்ற மென்கல் பொடியால் தேய்க்கச் சொல்கிறார்கள். 1803இல் தாமஸ் ஷெரட்டன் தம் அகராதியில் விவரிக்கும் முறை இன்னும் எளிது: ஆளிவிதை எண்ணெயும் சலித்த செங்கல் பொடியும். எண்ணெயோடு சேர்ந்த பொடி துணிக்கடியில் மாவாகக் குழைந்து மரத்துளைகளை அடைக்கும். தூசிக்கு எதிராகத் தூசியையே ஏவிய முறை இது. அதன் எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பிரெஞ்சு பாலிஷ் வேறு வழியில் சென்றது. பஞ்சைத் துணியில் சுற்றிய பொட்டலம், ஸ்பிரிட்டில் கரைத்த செல்லாக், வழுக்குவதற்கு ஓரிரு சொட்டு எண்ணெய். கை கடந்து போன இடம் சில நொடிகளில் உலர்ந்துவிடும். தூசி ஒட்டுவதற்கு ஈரமில்லை. ஆனால் ஒவ்வொரு பூச்சும் அத்தனை மெல்லியது. கண்ணாடி போன்ற பரப்பு எழ நாள் கணக்கில் கை ஓயக்கூடாது. அப்படி எழுந்த பரப்பும் சூடான கோப்பை வைத்தால் வெளுத்துவிடும்.

அந்தச் செல்லாக் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. பலாசு, இலந்தை, குசும் மரங்களின் சுள்ளிகளில் அரக்குப்பூச்சி சுரப்பது. இங்கே கடைசல்காரர்கள் அதைக் கரைக்கவே இல்லை. கோவாவில் 1583 முதல் 1588 வரை தங்கிய டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், 1596இல் வெளியான தம் பயண நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் உருகிப் படிந்து, உடனே உறையும். சன்னபட்டணத்தில் இன்றும் அப்படித்தான். மேலே தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். குஜராத்தின் சங்கேடாவில் ஊஞ்சலுக்கும் நாற்காலிக்கும் கடைசல் அரக்குதான். ஈரப்பொழுது என்பதே ஏறக்குறைய இல்லாத முறை! பூச்சு வரலாறுகள் இதைப் பொம்மைத் தொழிலாக ஒதுக்கிவைப்பது சரியல்ல. கடைசலில் சுழலக்கூடிய கால், கம்பி, உருளைகளுக்கு மட்டுமே பொருந்தும், மேசைப்பலகைக்கு ஆகாது என்பது அதன் உண்மையான எல்லை.

பலகைக்கும் அந்த வேகத்தைத் தந்தது நைட்ரோசெல்லுலோஸ். டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ 1923இல் மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. வாரக்கணக்கில் இழுத்த வண்ணப்பூச்சு வேலை நாள்கணக்காகச் சுருங்கியது. மரச்சாமான் ஆலைகளும் விரைவில் இந்த லாக்கருக்கு மாறின. தூரிகை திரும்பி வருவதற்குள் முதல் இழுப்பு இறுகிவிடும் என்பதால் தெளிப்பான் தேவைப்பட்டது. ஓஹியோவின் மருத்துவர் டிவில்பிஸ் தொண்டை நோய்க்கு மருந்து தெளிக்க உருவாக்கிய கருவியை, அவர் மகன் ஏற்கெனவே வண்ணம் தெளிப்பதற்கு மாற்றியிருந்தார். 1921இல் 3எம் வெளியிட்ட நீர் தாங்கும் உப்புத்தாளும் துணைக்கு வந்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. பூச்சும் தப்பியது, தேய்ப்பவரின் நுரையீரலும் தப்பியது.

சூட்டையும் கறையையும் தாங்கும் இரு கலவைப் பாலியூரித்தேன் வந்தபோது ஈரப்பொழுது மீண்டும் நீண்டது. ஆலைகள் வடிகட்டிய காற்று ஓடும் அறைகளைக் கட்டிக்கொண்டன. அந்த வசதியில்லாத சிறு பட்டறையில் மரம் இழைக்கும் வேலையை முந்தின நாளே நிறுத்துகிறார்கள். தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை அணைத்து, கதவைச் சாத்தியபின் பூசுகிறார்கள்.