தீப்பொறிச் செருகியின் இடைவெளி: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெரிய இயந்திரங்களையும் அவற்றை ஆக்கியோரையுமே முதன்மைப்படுத்தி வந்துள்ளனர். நீராவி எஞ்சின், மோட்டார்க் கார், வானூர்தி என விரியும் அவ்வரலாற்றிலே விரலளவினதான ஓர் உறுப்புக்கு இடங் கிடைப்பது அரிது. ஆயினும், பேச்சுவழக்கிலே ‘பிளக்’ எனப்படும் தீப்பொறிச் செருகி, பெற்றோல் எஞ்சினின் வளர்ச்சிக்குப் பலமுறை தடையாக நின்றும் பின்னர் வழிவிட்டும் வந்திருக்கின்றது. உருளைக்குள் அமுக்கம் உயர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் செருகியின் இரு மின்வாய்களுக்கு இடைப்பட்ட தூரமும், அது வெப்பத்தைக் கடத்தும் திறனும் மீண்டும் ஆராயப்பட வேண்டியவாயின. டர்போ பூட்டிய கார்களின் வரலாற்றிலே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

தோற்றமும் விதியும்

1860 ஆம் ஆண்டிலே பரிஸ் நகரில் எற்றியன் லெனுவார் காப்புரிமை பெற்ற வாயு எஞ்சின், தூண்டற் சுருளிலிருந்து வந்த மின்பொறியாற் கலவையைப் பற்றவைத்தது. அவ்வெஞ்சினிற் கலவை பற்றுமுன் அமுக்கப்படுவதில்லை. ஆதலாற் செருகிக்குப் பெருஞ் சோதனை ஏற்படவில்லை. அமுக்கத்தை அடிப்படையாகக் கொண்ட நான்கடி எஞ்சின் தோன்றிய பின்னரே சிக்கல் எழுந்தது. காள் பென்ஸ் 1886 இல் காப்புரிமை கோரிய காரில் மின்பொறியை நம்பினார்; கொற்லீப் டைம்லரோ பழுக்கக் காய்ந்த குழாயொன்றாற் கலவையைப் பற்றவைத்தார். 1902 இல் பொஷ் நிறுவனத்திற் பணியாற்றிய கொற்லொப் ஹொனொல்ற் என்பார் உயர் வோல்ற்றளவுக் காந்தமின்னாக்கியையும் அதற்கேற்ற செருகியையும் ஒருங்கே அமைத்த பின்னரே மின்பொறி முறை உறுதியாக நிலைபெற்றது.

இதற்கு முன்பே, 1889 இல், பிரீட்றிச் பாஷன் என்ற ஜேர்மானிய பௌதிகவியலாளர் இத்துறைக்கு இன்றியமையாத விதியொன்றை வெளியிட்டிருந்தார். இரு மின்வாய்களுக்கிடையே பொறி பாய்தற்கு வேண்டிய வோல்ற்றளவு, வாயுவின் அமுக்கத்தினதும் இடைவெளியினதும் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதே அவ்விதி. எஞ்சினில் நிலவும் நிலைமைகளில், அமுக்கம் உயர உயர வேண்டிய வோல்ற்றளவும் உயரும். அதனை வழங்கச் சுருளுக்கு வலுவில்லையெனின் இடைவெளியைக் குறைப்பதே வழி. ஆனால், இடைவெளி மிகச் சிறிதாயின், பிறக்கும் தீக்கருவின் வெப்பத்தை மின்வாய்களே உறிஞ்சிக்கொள்ள, கலவை சரிவரப் பற்றாது. ஒன்றையொன்று எதிர்க்கும் இவ்விரு தேவைகளுக்கும் இடைப்பட்டதே செருகியின் இடைவெளி.

வானூர்தி கற்பித்த பாடம்

மெல்லிய வளியிலும் எஞ்சின் வலுக்குன்றாதிருத்தல் வேண்டும் என்ற தேவை, வளியை அமுக்கி ஊட்டும் முறைக்கு வித்திட்டது. கழிவு வாயுவினாற் சுழலும் சில்லொன்றைக் கொண்டு வளியை அமுக்கலாம் என்னும் கருத்துக்குச் சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூஷி 1905 இற் காப்புரிமை கோரினார். அமெரிக்காவிலே சான்போட் மொஸ் 1918 இல் ‘லிபேற்றி’ வானூர்தி எஞ்சினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுசென்று இக்கருத்தைச் சோதித்தார். டர்போ இன்றி அங்கு 230 குதிரைவலு அளவிலேயே இயங்கிய எஞ்சின், டர்போவுடன் 356 குதிரைவலுவை எய்தியது.

கூடிய வலு கூடிய வெப்பத்தையுங் கொணர்ந்தது. அக்காலப் பீங்கான் காவலிகள் வெப்ப மாற்றத்தால் வெடித்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த மைக்காவும் 1920களிற் பரவிய ஈயங் கலந்த பெற்றோலின் தாக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1931 ஆம் ஆண்டு ஷ்னைடர் கிண்ணப் போட்டியில் வென்ற றோல்ஸ் றொய்ஸ் ‘ஆர்’ எஞ்சின் 2,350 குதிரைவலுவை வழங்கிற்று. அத்தகைய எஞ்சின்களின் தேவையை 1930களில் நிறைவுசெய்யத் தொடங்கியது, அலுமினியம் ஒட்சைட்டைச் சுட்டிறுக்கி ஆக்கிய புதிய காவலியே. எஞ்சினியரின் வெற்றிக்குக் குயவனின் சூளை துணைநின்றது என்பது நோக்கற்பாலது.

காவலியின் முனை ஏறத்தாழ 450 செல்சியஸ் பாகைக்கு மேலிருந்தாற்றான் அதிற் படியும் கரி எரிந்து நீங்கும். 850 பாகையை மிகவுங் கடந்தாலோ, பொறி பாயுமுன் பழுத்த முனையே கலவையைப் பற்றவைத்து விடும். நீண்ட முனையுடைய செருகி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அது ‘சூடான’ செருகி. குறுகிய முனையுடையது விரைந்து கடத்தும். அது ‘குளிர்ந்த’ செருகி. இப்பாகுபாடு பயனுக்கு வந்தமை, செருகியைத் தெரிவுசெய்தலை ஊகத்திலிருந்து விடுவித்துக் கணிப்பின் பாற்படுத்தியது.

காரிலே டர்போ

பூஷியின் கருத்து முதலிற் செழித்தது டீசல் எஞ்சின்களிலேயாம். அமுக்கத்தாலேயே பற்றும் அவ்வெஞ்சினுக்குத் தீப்பொறிச் செருகி வேண்டுவதில்லை. முற்பற்றலும் தட்டலும் அதனைத் தடுக்கவில்லை. பெற்றோற் காரில் டர்போ 1962 இலேதான் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டின் ஓல்ட்ஸ்மொபைல் ‘ஜெற்பயர்’, தட்டலைத் தவிர்க்க நீரும் மெதனோலுங் கலந்த திரவத்தை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. 1963 உடன் அதன் உற்பத்தி நின்றது. 1973 இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவும், 1977 இற் காட்சிக்கு வந்த சுவீடனின் சாப் 99 டர்போவும் இம்முறைக்கு மறுவாழ்வளித்தன.

அதே பத்தாண்டில் எதிர்த்திசையில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு அமைய ஐதான கலவையை எரிப்பதற்கு நீண்ட பொறி வேண்டப்பட்டது. ‘பொயின்ற்’ கொண்ட பழைய முறையில் 0.6 அல்லது 0.7 மில்லிமீற்றராயிருந்த இடைவெளி, 1970களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் புகுத்திய இலத்திரனியல் முறையிற் சில எஞ்சின்களில் 1.5 மில்லிமீற்றர் வரை விரிந்தது. சட்டம் இடைவெளியை விரிக்கச் சொன்னது. டர்போ அதனைச் சுருக்கச் சொன்னது.

இம்முரண்பாட்டைச் செருகி தனித்துத் தீர்க்கவில்லை. 1980களின் பிற்பகுதியிற் சாப் நிறுவனம் செருகிகளின் தலைமீதே சுருள்களை அமர்த்தியது. 1990களின் பிற்பகுதியில் இரிடியக் கலப்புலோகத்தாலான மெல்லிய மின்வாய்கள் பரவின. நிக்கல் 1,455 பாகையில் உருக, இரிடியம் 2,400 பாகைக்கு மேலேயே உருகும். மெல்லிய முனையிற் பொறி குறைந்த வோல்ற்றளவிலேயே பாயும். தீக்கருவின் வெப்பமுங் குறைவாகவே இழக்கப்படும்.

தெரிவின் நெறி

இன்று டர்போ கார்களிற் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையான இடைவெளி காணப்படும். ஊட்டமுக்கத்தைத் தயாரிப்பாளர் விதித்த அளவுக்கு மேல் உயர்த்தியோர் அதனினுஞ் சுருக்கி, ஒரு படி குளிர்ந்த செருகியைப் பூட்டுவர். மெதுவோட்டத்திற் குறையின்றி ஓடும் எஞ்சின் முழு ஊட்டமுக்கத்தில் இடறுமாயின், இடைவெளி மிகுந்து பொறி அவிவது காரணமாகலாம். ஆனால், எஞ்சின் இடறாமையால் எல்லாம் செம்மையென்று கொள்ளலுமாகாது. மிகையாகச் சூடான செருகி ஓசையின்றி முற்பற்றலை விளைத்துச் சில கணங்களிற் பிஸ்டனைத் துளைத்துவிடும்; மிகையாகக் குளிர்ந்ததோ நகர ஓட்டத்திற் கரி படிந்து மின்னைக் கசியவிடும். என்.ஜீ.கே., டென்சோ செருகிகளில் எண் கூடக் குளிர்மை கூடும். பொஷ், சம்பியன் செருகிகளில் எண் கூடச் சூடு கூடும். ஒன்றின் எண்ணை மற்றொன்றில் தேடுவோன் எஞ்சினையே இழக்க நேரும். இடைவெளியைத் திருத்துகையிற் பக்க மின்வாயை மட்டுமே மெல்ல வளைத்தல் வேண்டும். இரிடிய முனையை நெம்பினால் அது முறியும்.

லெனுவாரின் அமுக்கமற்ற எஞ்சின் தொடக்கம் இற்றைய டர்போ கார் வரையுள்ள வரலாறு, பெரிய பொறி எப்போதும் சிறந்த பொறி என்னும் எண்ணத்தை மறுக்கின்றது. வலுவைக் கூட்ட விழைந்தோர் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீற்றரினுங் குறைந்த இடைவெளிக்குத் திரும்பி வந்து, அதனை அளந்து பார்க்க வேண்டியவராயினர். பேரியந்திரங்களின் வரலாற்றை எழுதுவோரும் அவ்வாறே சிற்றுறுப்புகளை அளந்து நோக்குவாராயின், அவ்வரலாறு மேலும் உண்மையுடையதாகும்.